தில்லித் தலைநகரமும் இடம்பெயர்ந்த மக்களும்

பிழைப்பை நாடித் தென்னாட்டிலிருந்து தில்லிக்கு வந்து குடியேறியவர் நம்மில் பலர். நாம் அன்றாடம் நடக்கும் வீதிகள் எவருடைய நிலத்தில் எழுந்தவை என்பதை அறிந்துகொள்வது நமக்கு உரிய கடமையாகும்.

1803-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெனரல் லேக்கின் படை மராத்தியரை வென்று தில்லிக்குள் புகுந்தது. அதுமுதல் மொகலாயச் சக்கரவர்த்தி கம்பெனியாரிடம் உபகாரச் சம்பளம் பெறுபவரானார். பட்டம் செங்கோட்டையில் இருந்தது. அதிகாரமோ ஆங்கிலேய ரெசிடெண்டிடம் இருந்தது.

1857 மே மாதம் மீரத்திலிருந்து வந்த சிப்பாய்கள் பகதூர் ஷாவைத் தலைவராகக் கொண்டு போரிட்டனர். செப்டம்பரில் நகரை மீண்டும் பிடித்த ஆங்கிலேயர், குடிமக்களை மதிலுக்கு வெளியே துரத்தினர். இந்துக்கள் முதலில் திரும்ப அனுமதிக்கப்பட்டனர்; முஸ்லிம்கள் நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. ஜும்மா மசூதி 1862 வரையில் தொழுகைக்குத் திருப்பித் தரப்படவில்லை. செங்கோட்டைக்குள் இருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துப் பட்டாளத்தாருக்கு விடுதிகள் கட்டினர். முதிய சக்கரவர்த்தி நாடு கடத்தப்பட்டு, 1862-இல் இரங்கூனில் உயிர் நீத்தார்.

1911 டிசம்பர் 12-ஆம் நாள் நடந்த தர்பாரில், தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். வங்கத்தின் கிளர்ச்சிக்கு அப்பால் அமைதியாக ஆளலாம் என்பது ஆட்சியாளரின் எண்ணம். ஆனால் மறு ஆண்டு டிசம்பரிலேயே சாந்தினி சௌக்கில் யானைமீது பவனி வந்த ராஜப்பிரதிநிதி ஹார்டிஞ்ச் பிரபுவின்மேல் வெடிகுண்டு விழுந்தது.

தர்பார் மைதானத்தருகே நாட்டிய அஸ்திவாரக் கற்கள், அவ்விடம் ஏற்றதன்று எனத் தெரிந்தபின் ரைசினா குன்றுக்குக் கொண்டுபோகப்பட்டன. லட்யன்ஸ், பேக்கர் என்னும் சிற்பிகள் அங்கே மாளிகைகளை எழுப்பினர். ரைசினா, மால்ச்சா முதலிய கிராமத்தார் நிலம் இழந்தனர். கன்னாட் பிளேஸ் பகுதிக்காக அகற்றப்பட்ட மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா மக்கள் கரோல் பாக்கில் குடியமர்த்தப்பட்டனர். பிற்காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல வந்து தங்கிய அதே கரோல் பாக்தான் அது.

புதிய தலைநகரின் திறப்பு விழா 1931 பிப்ரவரியில் நடந்தது. பதினாறரை ஆண்டுகளில் அந்நிய ஆட்சி முடிந்தது. இந்தியா கேட் அருகில் நின்ற ஜார்ஜ் மன்னரின் சிலை 1968-இல் அகற்றப்பட்டு, பின்னர் அவர் தர்பார் நடத்திய பழைய மைதானத்துக்கே போய்ச் சேர்ந்தது. மன்னருக்கு மீண்டும் ஓர் இடம் கிடைத்தது. மால்ச்சா உழவருக்கோ பழைய வயல் மீளவில்லை. இந்நகரின் சரித்திரத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, மாளிகைகளோடு அந்த ஊர்ப் பெயர்களையும் சேர்த்துச் சொல்வோமாக.