ராஜவாய்க்கால் நிலமும் பெண்மக்களின் பங்கும்



ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே ஒரு படுகை அணை உள்ளது. அங்கிருந்து பிரிவது ராஜவாய்க்கால். பதினேழாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் காலத்தில் வெட்டப்பட்டது. பரமத்தி வேலூர் வட்டாரத்தின் வெற்றிலைக் கொடிக்கால்களும், வாழையும், கரும்பும், வெல்லம் காய்ச்சும் ஆலைகளும் இந்த நீரால் வாழ்பவை. மேட்டுக்காட்டில் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரைவிட வாய்க்கால் பாசனத்தில் ஓர் ஏக்கர் வைத்திருப்பவருக்கே ஊரில் மதிப்பு அதிகம். அந்நிலத்தில் பெண்மக்களுக்குரிய பங்கு எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதை எங்கள் குடும்பத்தை முன்வைத்தே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் பாட்டனார் வெற்றிலை வணிகர். கொடிக்கால்களில் கவுளி கவுளியாக வாங்கி வேலூர்ச் சந்தையில் விற்றுச் சேர்த்த பணத்தில், வாய்க்கால் பாசனத்தில் 2 ஏக்கர் வாங்கினார். 1978ஆம் ஆண்டு அவர் வஃபாத்தானபோது இருந்தவர்கள் மனைவி, இரண்டு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள். ஷரீஅத் கணக்கில் இதைவிட எளிய குடும்பத்தைக் காண்பது அரிது. மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. 200 சென்ட் நிலத்தில் பாட்டிக்கு 25, அத்தைமார் மூவருக்கும் ஆளுக்கு 25, ஆண்மக்களுக்கு ஆளுக்கு 50. கணக்கு மிச்சமின்றி முடிகிறது.

நடந்தது வேறு. துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்தனர். பாட்டி இத்தாவில் இருந்தார். பத்திரம் எழுதுபவர் ஒரு நாள் வீட்டுக்கே வந்து திண்ணையில் அமர்ந்தார். அத்தைமார் மூவரும், பாட்டியும், விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிட்டனர். படிக்கத் தெரிந்த அத்தை ஒருவரே; அவரும் படித்துப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பட்டுப்புடவை கிடைத்தது. ஒருவரும் அழவில்லை, சண்டையிடவில்லை. அன்று பகல் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்டனர் என்று அத்தா சொல்வார். நெடுநாள் அதை அவர் பெருமையாகவே சொல்லிவந்தார்.

இந்த 25 சென்ட் உரிமைக்குப் பின்னால் உள்ள வரலாறு மதீனாவில் தொடங்குகிறது. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அரபியரின் பழைய வழக்கப்படி அவருடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். குதிரையேறிப் போர்புரிய இயலாதவருக்குப் பங்கில்லை என்பது அக்கால நியாயம். ஸஅதின் மனைவி தம் இரு பெண்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து, பொருளின்றி இப்பிள்ளைகளுக்கு மணம் முடிப்பது எப்படி என்று முறையிட்டார். இதில் அல்லாஹ்வே தீர்ப்பளிப்பான் என்று நபியவர்கள் கூறினார்கள். அதன் பின்னரே அந்நிஸா அத்தியாயத்தின் பாகப்பிரிவினை வசனம் இறங்கிற்று. நபியவர்கள் அந்தச் சகோதரரை அழைத்துவரச் செய்து, பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு எஞ்சியதை வைத்துக்கொள்ளுமாறு பணித்தார்கள். திர்மிதீயிலும் அபூதாவூதிலும் உள்ள செய்தி இது. 24 பங்கில் 19 பங்கைத் திருப்பிக் கொடுத்து, 5 பங்கோடு அவர் போனார்.

அந்தத் தாய் கேட்டது தர்மம் அன்று. வீட்டுக்குள் தீராத வழக்கை வெளியே கொண்டுவந்தார். நம் வீடுகளில் இன்று அப்படி ஒரு பெண் வெளியே வந்தால், குடும்ப மானத்தைச் சந்தியில் நிறுத்திவிட்டாள் என்றுதான் முதலில் சொல்வோம்.

இனி இந்தியாவுக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் நீதிமன்றங்கள் முஸ்லிம்களின் வாரிசுரிமையில் இஸ்லாமியச் சட்டத்தைப் பின்பற்றின. ஆனால் அதற்கு மாறான ஊர் வழக்கம் இருப்பதாக நிறுவினால் வழக்கத்தையும் ஏற்றன. சென்னை மாகாணத்தில் 1873ஆம் ஆண்டுச் சிவில் நீதிமன்றச் சட்டம் சொன்னது இதுவே. பஞ்சாபிலோ வழக்கமே மேலோங்கி நின்றது. அங்கு முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்கு நிலத்தில் பங்கில்லை என்பதே நடைமுறை. தொழுகையும் நோன்பும் மார்க்கப்படி. நிலம் மட்டும் குலவழக்கப்படி!

இதற்கு முடிவுகட்ட எழுந்ததே 1937ஆம் ஆண்டின் முஸ்லிம் தனியார் சட்ட (ஷரீஅத்) நடைமுறைச் சட்டம். இன்று அதன் பெயரைக் கேட்டவுடன் சிறுபான்மையினர் உரிமை என்று மட்டுமே நாம் எண்ணுகிறோம். மசோதாவோடு வைக்கப்பட்ட நோக்க அறிக்கை வேறொன்றைச் சொல்கிறது. வழக்கச் சட்டத்தின் கீழ் முஸ்லிம் பெண்களின் நிலை இழிவாக இருப்பதையும், அவ்வழக்கத்தை முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் கண்டித்ததையும், ஷரீஅத் சட்டத்தையே அவை கோருவதையும் அது காரணமாகக் காட்டிற்று. ஆக, அச்சட்டத்தின் வேரில் இருந்தது பெண்களின் சொத்துக் கோரிக்கை. ஜம்இய்யத்துல் உலமாவும் அதை ஆதரித்தது.

ஆனால் சட்டத்தின் 2ஆம் பிரிவிலேயே ஒரு பெரிய விலக்கு இருந்தது. விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி விவசாய நிலத்தின் வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது. மத்தியச் சட்டமன்றம் அதில் கைவைக்க இயலவில்லை. வீட்டுக்கும், நகைக்கும், கடைக்கும் ஷரீஅத். வயலுக்கோ வழக்கத்தைக் காட்டி வாதாடும் வாசல் திறந்தே இருந்தது. இந்தியாவில் அன்று சொத்தென்றாலே பெரும்பாலும் நிலந்தான் என்பதை நினைத்தால் விலக்கின் அளவு புரியும்.

அவ்வாசலைச் சென்னை மாகாணம் 1949இல் அடைத்தது. அவ்வாண்டின் 18ஆம் சட்டம் செய்த திருத்தம் மிகச் சிறியது. விவசாய நிலத்தை விலக்கிய அந்தச் சில சொற்களை நீக்கியது, அவ்வளவே. நாடு பிரிந்து இரண்டு ஆண்டுகள்கூட முழுதாகக் கடக்காத காலம். காங்கிரஸ் ஆளுங்கட்சி, காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் எதிர்க்கட்சித் தலைவர். முஸ்லிம் என்ற சொல்லே ஐயத்துக்குள்ளாகியிருந்த அந்நாளில், முஸ்லிம் பெண்ணின் வயற்பங்கைப் பற்றி ஒரு மாகாணச் சட்டமன்றம் நின்று யோசித்திருக்கிறது. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த நம் காவிரிக்கரைக்கும் அச்சட்டம் வந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான்.

மற்ற இடங்களைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். கேரளம் இத்தகைய திருத்தத்தை 1963இல் செய்தது. உத்தரப் பிரதேசத்தில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் நிலத்துக்கெனத் தனி வாரிசு வரிசையை வகுத்து, மகனுக்குப் பின்னே மகளை நிறுத்தியது. இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் முழுமையாக வைத்துக்கொள்ள 1882ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் நம் இந்துச் சகோதரிகளுக்கு மூதாதையர் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பிறப்புரிமை 1989இல் வந்தது. அதுவும் அதற்கு முன்பே மணமானவர்களுக்கு இல்லை. அக்குறை நீங்க 2005 வரை காத்திருக்க நேர்ந்தது. மேடைகளில் இவ்வொப்பீட்டைச் சொல்லி நாம் மகிழ்கிறோம். சொல்லலாம், பொய்யன்று. ஆனால் அந்த மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிறவரின் சகோதரி பெயரில் எத்தனை சென்ட் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பெண்கள் ஏன் ஒப்பமிடுகிறார்கள்? பேராசைக்கார அண்ணன், ஏமாந்த தங்கை என்று கதையாக்கிவிடுவது எளிது. நான் கண்டது அப்படியன்று. பங்கை வாங்கிக்கொண்டால் பிறந்தகத்து வாசல் அடைபடும் என்பதே நம் பெண்களின் அச்சம். கணவன் வீட்டில் ஒரு சொல் கூடிவிட்டால் போய் நிற்க ஓரிடம் வேண்டும். பிள்ளைப்பேற்றுக்கு வரவேண்டும், பெருநாளுக்கு வரவேண்டும், தன் மகள் திருமணத்தில் தாய்மாமன் முன்னே நிற்கவேண்டும். அந்த வரவேற்புக்கான விலையாகவே அவள் நிலத்தைத் தருகிறாள். இது கொங்குச் சமவெளியில் எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவான மனநிலை. நாமும் அந்த மண்ணின் மக்களே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே வரச்செய்யும் முறை உண்டு. அங்கே பெண் போய் நிற்க இடம் தேடுவதில்லை, அவள் நிற்பதே அவள் வீடு. நம் பக்கம் அவ்வழக்கம் வேர்பிடிக்கவில்லை.

“அவளுக்கு நகை போட்டோம், சீர் செய்தோம், அதுவே பங்கு” என்பது மற்றொரு வாதம். தந்தை உயிருடன் இருக்கையில் மனமுவந்து தந்தது அன்பளிப்பு. வாரிசுப் பங்கு அவர் மறைந்த பிறகே பிறக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்கக் கணக்கில் இடமில்லை. அதிலும் அந்த நகையின் பெரும்பகுதி மாப்பிள்ளை வீட்டார் கேட்டதால் போட்டது. மஹர் கொடுக்க வேண்டியவன் வாங்குகிறான்; வாங்கியதன் பேரால் அவளுடைய நிலமும் போகிறது.

சட்டத்தைப் பற்றி இங்கு இரண்டு செய்திகள். தந்தை உயிருடன் இருக்கும்வரை அவர் சொத்தில் பிள்ளைகளுக்கு உரிமை எதுவும் இல்லை. ஆகவே அப்போதே மகளிடம் எழுதி வாங்கும் விடுதலைப் பத்திரம் தன்னளவில் செல்லாது. எனினும் அதற்கு ஈடாகப் பொருள் பெற்றுக்கொண்டு மற்றவர்களை நம்பவைத்திருந்தால், பிற்பாடு பங்கு கேட்பதற்கு அந்நடத்தையே தடையாகக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எனவே தாளில் ஒப்பமிடும் முன் எண்ணிப்பார்ப்பது நல்லது. இரண்டாவது, மரண சாசனத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். இதை அறிந்தவர்கள் இப்போது வேறு வழியில் போகிறார்கள். உயிரோடிருக்கும்போதே நிலம் முழுவதையும் ஆண்மக்களுக்கு ஹிபாவாக, தான செட்டில்மென்டாக எழுதிவைக்கிறார்கள். நீதிமன்றத்தில் அது நிற்கலாம். நுஅமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தையும் அப்படி ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புச் செய்து, நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காமல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அரசியலைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பொது சிவில் சட்டம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் கொதிக்கிறோம். 1985இல் ஷா பானு வழக்கின் தீர்ப்பு வந்தபோது நாடெங்கும் வீதிக்கு வந்தோம். நம் தனியார் சட்டத்தில் வெளியார் கைவைக்கக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அச்சட்டத்தை அன்றாடம் வீட்டுக்குள் மீறுவது நாமே. தலாக் பற்றி ஒரு தீர்ப்பு வந்தால் ஜமாஅத் கூடுகிறது. ஒரு மகளின் பங்கு எழுதி வாங்கப்பட்டால், அந்தப் பத்திரத்தை வாழ்த்திவிட்டு ஜமாஅத் தலைவர் விருந்துண்டு போகிறார். பாகப்பிரிவினை வசனங்களை அடுத்தே, இவை அல்லாஹ்வின் வரம்புகள் என்றும், மீறுவோருக்கு நரகம் என்றும் அந்நிஸா எச்சரிக்கிறது. வட்டியைப் பற்றி ஜும்ஆ மேடையில் கேட்டிருக்கிறேன், இசையைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். நாற்பது ஆண்டு ஜும்ஆவில், தங்கையின் 25 சென்டைப் பற்றி ஒரு முறை கேட்டதாக நினைவு. ஒரே ஒரு முறை.

அந்த ஒரு பயானை அத்தாவும் என்னருகில் அமர்ந்துதான் கேட்டார். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து, பழைய பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வரச்சொன்னார். தம் கையில் இருப்பது 100 சென்ட், தம் உரிமை 50 என்று கணக்கிட்டார். “அவர்கள்தாம் மனமுவந்து கொடுத்தார்களே” என்று அம்மா கேட்டதற்கு, “கேட்கத் தெரியாதவர்களிடம் வாங்கியதை மனமுவந்தது என்று எப்படிச் சொல்வது?” என்றார். தம் பங்கிலிருந்து சகோதரிகள் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டரை சென்ட் வீதம் அளந்து எழுதிவைத்தார். நடு அத்தை அதற்குள் இறந்துபோயிருந்தார். அவருடைய பிள்ளைகள் பெயரில் பதிவாயிற்று. பாட்டியின் பங்கையும் அவ்வாறே கணக்கிட்டு, பணமாகக் கொடுத்தார்.

மற்றொரு பாதி சிறிய தந்தையார் வசம் உள்ளது. அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தாவுக்கும் அவருக்கும் அதனால் பேச்சு சற்றே குறைந்திருக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. மூத்த அத்தை தம் பெயரில் பட்டா வந்ததும் அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தம் பெயரையும், அதனோடு தம் தந்தையின் பெயரையும் இரண்டு முறை படிக்கவைத்துக் கேட்டார். பிறகு, அந்தப் பன்னிரண்டரை சென்டில் தண்ணீர் முறை எந்தக் கிழமை என்று விசாரித்தார்.