பாவாமாரின் பாட்டு: பிச்சையா, கூலியா?

இலங்கை முஸ்லிம்களின் தமிழ் இலக்கிய வரலாறு பெரும்பாலும் நூல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்கினை ஆராய்ந்து கலாநிதி ம. மு. உவைஸ் 1953இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடித்தளமிட்டது. எஸ். எச். எம். ஜெமீலின் ‘சுவடி ஆற்றுப்படை’ நம்மவர் எழுதிய நூல்களைத் தேடித் தொகுத்துத் தந்தது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் எழுதப்படாத கவிகளையும் நாட்டார் பாடல்களையும் கிராமங்களில் சேகரித்தனர். இதனால் ஏட்டில் எழுதிய புலவரையும், வட்டையில் கவி பாடிய பாமரரையும் ஓரளவு அறிவோம். இவ்விருவருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் இருந்தார். புலவரின் பாட்டை மனனஞ் செய்து, கையில் தாயிராவை ஏந்தி, ஊர் ஊராகச் சென்று பாடி, அதையே பிழைப்பாகக் கொண்டவர் அவர். பக்கீர் என்றும் பாவா என்றும் அழைக்கப்பட்ட அவருக்கு நமது வரலாற்றில் இடமில்லை. அவரை இசைக்கலைஞராக நோக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பாவாமாரைத் தரீக்கா வழியில் வைத்தே இதுவரை பேசியுள்ளோம். ரிபாய்யா, காதிரிய்யா முதலிய வழிகளில் பைஅத் பெற்று, கலீபா ஒருவரின் கீழ் நிற்போர் என்பது உண்மையே. ஆயினும் ஊர் மக்களுக்கு அவர் முதலில் ஒரு குரலாகவே அறிமுகமானார். பச்சைத் தலைப்பாகை, தோளில் பை, மணிமாலை, வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் கட்டிய பறை. தாயிரா என்றும் றபான் என்றும் ஊருக்கு ஊர் அதன் பெயர் மாறும். ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும். அப்போது அடுப்படியில் நெருப்புக் கேட்டு, அதில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்துச் சுருதி வந்த பின்னரே பாடத் தொடங்குவார். எங்கள் ஊர்த் திண்ணைகளில் இதனை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சுருதி சேராத வாத்தியத்துடன் பாட மறுப்பவரை வெறும் யாசகர் என்று எப்படிச் சொல்வது?

அவர்கள் பாடியவற்றின் பரப்பும் சிறிதன்று. மாலை, கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, படைப்போர் என இஸ்லாமியத் தமிழ் வளர்த்த வடிவங்கள் பல அவர்களின் நாவில் இருந்தன. யூசுப் நபியின் சரிதையும், வினாவிடையாய் அமைந்த நூறு மசலாவும், முஹிய்யித்தீன் ஆண்டகை மீதான புகழ்ப்பாக்களும் எழுத்தறியாத வீடுகளுக்கு இவர்கள் மூலமே சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபு தாமே பக்கீராய்த் திரிந்தவர். அவரது பாடல்கள் அச்சுக்கு வந்த பின்னரும் பக்கீர்களின் குரலிலேயே அதிகம் உலவின. சித்திலெப்பையின் ‘முஸ்லிம் நேசன்’ 1882இல் வெளிவரத் தொடங்கியபோது அதனை வாசிக்கக்கூடியோர் சிலரே. கேட்கக்கூடியோர் எல்லோரும். அந்த ‘எல்லோரும்’ என்ற பெருங்கூட்டத்தை இலக்கியத்தோடு இணைத்தவர்களில் பாவாமார் முக்கியமானவர்கள்.

இனி அவர்களின் தொழில் முறையைப் பார்ப்போம். இன்று இசைக்குழுவினர் விழாக்களின் நாட்காட்டியை வைத்துப் பயணத்தைத் திட்டமிடுவதுபோல, பாவாமாருக்குப் பிறையே நாட்காட்டி. ரபீஉல் அவ்வலில் மௌலிது மஜ்லிஸ்கள். ரபீஉல் ஆகிரில் பலாங்கொடையிலிருந்து கல்தொட்டைக்குச் செல்லும் வழியிலுள்ள கூரகல மலையில் தப்தர் ஜெய்லானிக் கந்தூரி. ஜமாதுல் ஆகிரில் நாகூர் ஆண்டகை பெயரால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றம். பேருவளை கெச்சிமலையிலும் இன்னும் பல ஸியாரங்களிலும் தனித்தனி விழாக்கள். நோன்பு மாதம் வந்தால் சொந்தப் பகுதிக்குத் திரும்பி, விளக்கும் றபானுமாய்ச் சஹருக்கு ஆட்களை எழுப்பும் வேலை. பெருநாளன்று வீடுவீடாக வந்து, முப்பது இரவுகளின் உழைப்புக்கான அன்பளிப்பைப் பெற்றுச் செல்வார்கள்.

இந்த நாட்காட்டியில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாட்கள் குறைந்தது. எனவே விழாக்கள் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கின்றன. 1980இல் ரபீஉல் ஆகிர் பிறை பெப்ரவரியில் பிறந்தது. மீண்டும் 2013இல் அது பெப்ரவரியில் பிறந்தது. பெப்ரவரி, மார்ச் மாதங்கள் கிழக்கில் பெரும்போக அறுவடைக் காலம். களவெட்டியில் சூடடிக்கும் வேளையில் கந்தூரி வந்தால் போடியாரின் கை தாராளமாய் நீளும். நெல்லும் பணமும் சேரும். மாறாக, 2000 முதல் 2002 வரை நோன்பு நவம்பர் மாதத்து மாரி மழையோடு வந்தது. வீதியெல்லாம் வெள்ளம், தோலும் நனையும், பழைய நெல்லும் தீர்ந்திருக்கும். சம்பளமோ ஓய்வூதியமோ இல்லாத ஒரு கலைஞனின் வரவுசெலவைப் பிறையும் மழையும் சேர்ந்தே தீர்மானித்தன.

கந்தூரி இரவுகளில் இக்கலை வேறொரு முகம் கொள்ளும். வீட்டு வாசலில் தனித்துப் பாடுபவர் அங்கே கூட்டத்தின் ஒருவராகிறார். வட்டமாய் அமர்ந்து, ஒரே தாளத்தில் பறைகள் மெல்லத் தொடங்கி விரைவேற, ரிபாய்யா ராத்தீபு நடைபெறும். ‘வெட்டுக்குத்து’ என்று மக்கள் கூறும் பகுதியில் ஊசியும் கத்தியும் உடலில் பாயும். பார்க்க வருவோர் அதனையே பேசுவர். என் கவனம் எப்போதும் தாளத்தின் மீதே இருந்தது. அத்தனை பறைகளும் ஒரு கையாய் ஒலிப்பதற்கு எத்தனை வருடப் பயிற்சி வேண்டும்? பல ஊர்களிலிருந்து வந்து, வருடத்தில் சில தடவைகளே சந்திப்போர் அவ்வாறு இசைப்பதற்குப் பொதுவான ஒரு மரபு உறுதியாய் இருந்திருக்க வேண்டும்.

இம்மரபு ஒடுங்கியதற்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. கடல் வழி அடைபட்டது முதலாவது. நாகூர், ஏர்வாடித் தர்ஹாக்களுக்கும் இலங்கைக்கும் இடையே பக்கீர்கள் தடையின்றிப் போய்வந்த காலம் ஒன்றிருந்தது. சுதந்திரத்தின் பின் கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் போர்ச் சூழலில் நின்றது. இரண்டாவது, ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் வானொலியும். நாகூர் ஈ. எம். ஹனீபாவின் (1925–2015) கணீரென்ற குரல் இங்கும் வீடுகளுக்குள் வந்தபின், வாசலில் பாடியவருக்குச் செவிகொடுப்போர் குறைந்தனர். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹனீபாவும் ஊர் ஊராகச் சென்று மேடைகளில் பாடி வாழ்ந்தவரே. சேலத்தில் 1919இல் பிறந்து, இளமையில் கொழும்புக்கு வந்த முஹிதீன் பேக், 1947இல் வெளியான ‘அசோகமாலா’ முதல் சிங்களத் திரையிசையின் பெருங்குரலானார். 1991இல் அவர் மறைந்த பின்னரும் வெசாக் காலத்தில் அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் ஒலிக்கின்றன. இவர்களைக் கலைஞர் என்று கொண்டாடுகிறோம். ஒலிவாங்கி கிடைத்தவர் கலைஞர், கிடைக்காதவர் பிச்சைக்காரர் என்பதுதானா நமது அளவுகோல்?

மூன்றாவது காரணம் போர். இரவில் ஊர்விட்டு ஊர் நடப்பதே இத்தொழிலின் உயிர். 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், 12இல் ஏறாவூரிலும் நிகழ்ந்த படுகொலைகளின் பின் கிழக்கில் எவர் இரவில் நடந்தார்? அதே ஆண்டு ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, வடக்கில் கேட்போர் கூட்டமே இல்லாமற் போயிற்று.

நான்காவது நமக்குள்ளேயே எழுந்த கருத்து வேறுபாடு. ஸியாரங்களில் கையேந்துவதும், உடலைக் குத்திக்கொள்வதும் மார்க்கத்துக்கு ஏற்றதா என்ற கேள்வி நியாயமான கேள்வி. உலமாக்கள் அதனைப் பேசட்டும். ஆனால் 1980களிலிருந்து கூர்மையடைந்த அவ்விவாதத்தில் சடங்கோடு பாட்டும் சேர்ந்தே ஒதுக்கப்பட்டது. யூசுப் நபி சரிதையைத் தமிழில் பாடியவரும் ஒரே குற்றப்பட்டியலில் சேர்க்கப்பட்டார். மறுபுறம், 2013இல் கூரகலவில் தொல்பொருட் பாதுகாப்பின் பெயரால் கட்டடங்கள் பல அகற்றப்பட்டன. உள்ளிருந்து வந்த மறுப்பும் வெளியிலிருந்து வந்த நெருக்குதலும் ஒரே சிறு கூட்டத்தின் மீது விழுந்தன.

‘பிச்சை’ என்ற சொல்லை மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். அண்ணாவியாருக்கும் நாதஸ்வர வித்துவானுக்கும் கொடுப்பதைச் சன்மானம் என்கிறோம். ஒஸ்தாமாருக்குக் கொடுப்பதைக் கூலி என்கிறோம். முப்பது இரவு பாடி எழுப்பியவருக்குச் சுளகில் கொண்டுவந்து போட்ட அரிசியை மட்டும் பிச்சை என்றோம். அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த பாவாமாரின் பிள்ளைகள் அத்தொழிலைத் தொடர விரும்பவில்லை, அதில் வியப்பில்லை. தந்தையின் பறையை வீட்டுப் பரணில் போட்டுவிட்டு, கடைக்கும் வெளிநாட்டுக்கும் சென்றார்கள். மரபு அறுந்ததில் நாம் வழங்கிய சொல்லுக்கும் பங்குண்டு.

செய்யக்கூடியவை இன்னும் உள. மூத்த பாவாமார் சிலரிடம் கையெழுத்துப் பாட்டுக் கொப்பிகள் இருக்கின்றன. அச்சேறிய மாலைகளிலிருந்து அவை எங்கே வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டாலே, பாடுவோர் புலவரின் பாட்டை எவ்வாறு மாற்றி வளர்த்தனர் என்பது தெரியவரும். மெட்டுகளை ஒலிப்பதிவு செய்ய இன்று ஒரு கைத்தொலைபேசி போதும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை மாணவர் ஒருவர் தமது ஊர்ப் பாவா ஒருவரைத் தேடிச் சென்று, அவர் பாடிய ஊர்கள், பாட்டுகள், பெற்ற கூலி ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டால் அதுவே நல்ல தொடக்கமாகும். அந்தப் பட்டியலில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘பாடகர்’ என்று எழுதட்டும்.