திரைக்கும் தாளுக்கும் நடுவே 300 வருடக் கணக்கு

கம்ப்யூட்டர் திரையில் பளிச்சென்று இருக்கும் படம், வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரிலிருந்து வெளியே வரும்போது ஏன் வேறு யாரோ எடுத்த படம் மாதிரி இருக்கிறது? ஆகாயம் ஊதாவாகிறது, புல் காய்ந்து போகிறது, முகம் ஒன்று சிவக்கிறது, இல்லாவிட்டால் சாம்பல் பூசிக்கொள்கிறது. உடனே பிரிண்டரைத் திட்டுகிறோம், கார்ட்ரிட்ஜை மாற்றுகிறோம், மறுபடி அடிக்கிறோம். நாலு போட்டோ பேப்பர் வீணானதுதான் மிச்சம்.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். தோண்டிப் பார்த்தால் இது முக்கால்வாசி கணக்கும் வியாபாரமும் ஒப்பந்தமும் கலந்த சரித்திரம். நொடித்துப்போன கம்பெனி ஒன்றுகூட இதில் உண்டு :-)

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். திரை என்பது விளக்கு. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கூட்டிக்கூட்டி நிறம் காட்டுகிறது. மூன்றும் முழுசாகச் சேர்ந்தால் வெள்ளை. தாள் விளக்கு இல்லை. அதன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை மை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. மை சேரச் சேர இருட்டு. ஒன்று வரவு, இன்னொன்று பற்று. ஒரே நிறத்துக்கு இரண்டு பேரும் எதிரெதிர் பக்கத்திலிருந்து வருகிறார்கள்.

இதை முதலில் தெளிவாகப் புரிந்துகொண்டு காசு பண்ணப் பார்த்தவர் ஜேக்கப் கிறிஸ்டோப் லெ பிளான். 1667ல் பிராங்பர்ட்டில் பிறந்தவர். நியூட்டன் 1704ல் ஒளியைப் பற்றிய தன் 'ஆப்டிக்ஸ்' நூலை வெளியிட்டிருந்தார். லெ பிளான் அதைப் படித்துவிட்டு, செதுக்கிய செப்புத் தகடுகள் மூன்றில் நீலம், மஞ்சள், சிவப்பு மையைத் தடவி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்து ஓவியங்களை நகலெடுத்தார். 1719ல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜார்ஜிடம் காப்புரிமை வாங்கி, லண்டனில் 'பிக்சர் ஆபீஸ்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பங்கு போட்டுப் பணம் திரட்டினார்கள். 1720 என்றால் சவுத் ஸீ பங்குகள் ஏறி விழுந்த அதே வருடம் என்பதை நம் வகுப்பு மக்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். கம்பெனி சில வருடங்களிலேயே நொடித்தது. ஆனால் 1725 வாக்கில் அவர் வெளியிட்ட 'கொலொரித்தோ' என்ற சின்னப் புத்தகத்தில், ஒளியின் நிறங்கள் கலந்தால் வெள்ளை, சாயத்தின் நிறங்கள் கலந்தால் கறுப்பு என்று பிரித்து எழுதிவிட்டார். பிற்பாடு பாரிஸ் போய் நாலாவதாக ஒரு கறுப்புத் தகட்டையும் சேர்த்துக்கொண்டார். இன்று உங்கள் வீட்டு பிரிண்டரில் கறுப்பு தனி கார்ட்ரிட்ஜாக இருக்கிறதே, அதற்கு மூதாதை இந்தத் தகடுதான்.

கறுப்பு ஏன் தனியாக வேண்டும்? 1991ல் ஹெச்பி வெளியிட்ட டெஸ்க்ஜெட் 500சி பதில் சொல்லும். அதில் ஒரு நேரத்தில் ஒரு கார்ட்ரிட்ஜ்தான் மாட்டலாம். கறுப்பு அல்லது மூவர்ணம். கலர் படம் அடிக்கும்போது கறுப்பையும் மூன்று மைகளைக் கலந்துதான் உண்டாக்கவேண்டும். வந்தது கறுப்பு இல்லை, கலங்கின குட்டைத் தண்ணீர். மைகள் உத்தமமானவை அல்ல; ஒவ்வொன்றும் விழுங்கக்கூடாத ஒளியையும் கொஞ்சம் விழுங்கும். அடுத்த வருடமே இரண்டு கார்ட்ரிட்ஜையும் ஒன்றாக மாட்டும் 550சி வந்துவிட்டது. லெ பிளான் பாரிஸில் கண்ட அதே தீர்வு, 250 வருடம் கழித்து!

நிறத்தை எண்ணால் எழுதும் முயற்சி தனிக் கதை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1861 மே 17 அன்று ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஒரு கட்டம்போட்ட ரிப்பனின் மூன்று படங்களை சிவப்பு, பச்சை, நீல வடிகட்டி வழியாகத் திரையில் ஒன்றாக விழவைத்து நிறம் காட்டினார். வேடிக்கை என்னவென்றால் அந்தக் காலத்துப் புகைப்படத் தட்டுக்கு சிவப்பு தெரியாது. பிறகு எப்படி வேலை செய்தது? நூறு வருடம் கழித்து, 1961ல், கோடாக் ஆய்வாளர் ரால்ஃப் எவன்ஸ் கண்டுபிடித்தார். ரிப்பனின் சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிரையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. அது சிவப்பு வடிகட்டியைத் தாண்டிப்போய்த் தட்டில் பதிந்திருக்கிறது. நிறப் புகைப்படத்தின் பிறப்பே ஒரு கள்ளக் கணக்கு.

நிஜமான பேரேடு 1931ல் வந்தது. சிஐஇ என்னும் சர்வதேச ஒளியியல் ஆணையம் மனிதக் கண்ணுக்கு ஒரு பொது அளவை வகுத்தது. எத்தனை பேர் கண்ணை வைத்து? டேவிட் ரைட் 10 பேரிடமும் ஜான் கில்ட் 7 பேரிடமும் இங்கிலாந்தில் செய்த சோதனைகள்தான் ஆதாரம். மொத்தம் 17 பேர்! இன்றைக்கும் உலகத்தின் போன், டிவி, பிரிண்டர் எல்லாம் அந்த 17 பேரின் கண்ணால்தான் பார்க்கின்றன. நல்லவேளையாக, அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

ஆனால் எல்லா அளவுகோலும் அப்படிப் பொதுவாக அமையவில்லை. அடுத்ததைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும்.

1954 வரை அமெரிக்காவில் கோடாக் கலர் பிலிம் வாங்கினால் கழுவிப் பிரிண்ட் போடும் கூலியும் விலையிலேயே அடக்கம். ஒன்றோடு ஒன்றைக் கட்டி விற்பது போட்டிக்கு விரோதம் என்று அரசு வழக்குத் தொடுத்தது. அந்த வருடம் கோடாக் சமரச ஆணைக்கு உடன்பட்டது. வெளியார் லேப்கள் முளைத்தன. ஊருக்கு ஊர் லேப் என்றால் ஊருக்கு ஊர் ஒரு நிறம் வருமே! அதனால் கோடாக் ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. லேப்காரர் அதை அடித்துப் பார்த்து, மூலத்தோடு ஒப்பிட்டு, மெஷினைத் திருத்திக்கொள்ளவேண்டும். அந்தப் படத்தில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல் மாடலின் பெயர் ஷெர்லி என்பதால், பின்னால் யார் உட்கார்ந்தாலும் அந்த அட்டைக்குப் பெயர் 'ஷெர்லி கார்டு'. அவள் முகம் சரியாக வந்துவிட்டால் மெஷின் சரி.

மற்ற முகங்கள்? கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பேர்பெற்றது. கறுப்பு மாணவர்களின் முகம் பள்ளி குரூப் போட்டோவில் தொலைந்துபோவதைத் தாய்மார்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கோடாக்கை அசைத்த குரல்களில், சாக்லேட் விளம்பரத்தில் பழுப்பின் வித்தியாசம் தெரியவில்லை என்ற மிட்டாய்க் கம்பெனிகளும், ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை என்ற மேஜை நாற்காலி வியாபாரிகளும் உண்டு. மனித முகத்துக்கு இல்லாத வாடிக்கையாளர் மதிப்பு தேக்குக்கும் சாக்லேட்டுக்கும் இருந்திருக்கிறது. பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து இருக்கும் அட்டை 1990களின் நடுவில்தான் வந்தது.

எங்கள் பெரியப்பாவின் 1987 கல்யாண ஆல்பத்தில் பெரியம்மாவின் அரக்குப் புடவையில் ஜரிகையை இழை இழையாக எண்ணலாம். பெரியப்பா முகத்தில் பல் மட்டும்தான் தெரிகிறது. வெளிச்சம் போட்டவருக்கும் அதில் பங்கு இருக்கும். எல்லாப் பழியையும் பிலிம்மேல் போடமாட்டேன். ஆனால் 'சரியான நிறம்' என்று யாராவது சொன்னால், யாரை உட்காரவைத்துச் சரிபார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, வீட்டு பிரிண்டருக்கு வருவோம். 1990களில் ஸ்கேனர், திரை, பிரிண்டர் எல்லாம் வீட்டு மேஜைக்கே வந்தபோது பெரிய குழப்பம். ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் பாஷை. 'சிவப்பு 200' என்று ஃபைலில் எழுதியிருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சிவப்பைக் காட்டும். 10 வகைக் கேமரா, ஸ்கேனர், 10 வகை பிரிண்டர் என்றால் ஜோடிக்கு ஒன்றாக 100 மாற்று அட்டவணை வேண்டும்.

நம் பாடத்தில் இதற்கு விடை இருக்கிறது. எல்லா நாணயத்துக்கும் எல்லா நாணயத்திலும் நேரடி விலை வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் டாலர் விலை தெரிந்தால் போதும். 1993ல் அடோபி, ஆக்ஃபா, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உட்பட எட்டு நிறுவனங்கள் கூடி ஐசிசி என்ற அமைப்பைத் தொடங்கின (கிரிக்கெட் ஐசிசி இல்லை, மக்களே!). ஒவ்வொரு கருவிக்கும் 'புரொஃபைல்' என்று ஒரு சின்ன ஃபைல். 'என் எண்ணுக்குப் பொது நாணயத்தில் இவ்வளவு மதிப்பு' என்று அது சொல்லும். அந்தப் பொது நாணயம் 1931ன் அதே 17 கண் அளவு. 100 அட்டவணை போய் 20 புரொஃபைல் போதும். 1996ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் எஸ்ஆர்ஜிபி என்ற எளிய தரத்தை முன்வைத்தன. 1999ல் அது சர்வதேசத் தரமானது. புரொஃபைல் ஒட்டாத படத்தை 'எஸ்ஆர்ஜிபிதான்' என்று எடுத்துக்கொள்வது இன்றும் வழக்கம்.

வீட்டில் நிறம் கெடும் இடங்கள் பெரும்பாலும் இந்த நாணய மாற்றில்தான் இருக்கின்றன.

முதல் சந்தேகம் இரட்டை மாற்று. போட்டோ மென்பொருள் பிரிண்டருக்கு ஏற்றபடி நிறத்தை மாற்றி அனுப்புகிறது. பிரிண்டர் டிரைவர் அதை மாற்றாத படம் என்று நினைத்து இன்னொரு முறை மாற்றுகிறது. டாலரை ரூபாயாக்கிய தொகையை மறுபடி டாலர் என்று நினைத்து ரூபாயாக்கினால் என்ன ஆகும்? முகங்கள் சிவக்கும். மென்பொருள் பார்த்துக்கொள்வதென்றால் டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைக்கவேண்டும். டிரைவரிடம் விடுவதென்றால் மென்பொருள் கையை எடுக்கவேண்டும். இருவரில் ஒருவர்தான்.

அடுத்தது தாள். புரொஃபைல் என்பது பிரிண்டருக்கு மட்டும் உரியதல்ல. அந்த மை, அந்தத் தாள் மூன்றும் சேர்ந்த விலை அது. பளபளப்புத் தாளை வைத்துவிட்டு 'சாதாரணத் தாள்' என்று விட்டுவைத்தால் மையின் அளவே தவறும். கடையில் நிரப்பிய மலிவு மை ஊற்றினால் பழைய புரொஃபைல் செல்லாக்காசு. நான் மலிவு மைக்கு எதிரி இல்லை, ஹாஸ்டல்வாசிக்கு அது கட்டுப்படியாகாது. அதற்கேற்ப கையால் கொஞ்சம் திருத்தவேண்டும், அவ்வளவுதான். படம் இருட்டாக வருகிறதா? அநேகமாகத் திரை வெளிச்சம்தான் அளவுக்கு மீறி இருக்கிறது. பாதியாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள். கோடு கோடாக வந்தால் அது நிறப் பிரச்சனையே இல்லை, நாசில் அடைப்பு.

சில நிறங்கள் என்ன செய்தாலும் வராது. திரையின் மின்னும் நீலத்துக்கு மையில் இருப்பு இல்லை. அந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்க மென்பொருளில் இரண்டு வழி பிரதானம். 'பெர்செப்சுவல்' என்பது எல்லோர் சம்பளத்தையும் விகிதப்படி குறைப்பது. 'ரிலேட்டிவ்' என்பது வரம்பைத் தாண்டியவர்களை மட்டும் வெட்டிவிட்டு மற்றவர்களைத் தொடாமல் விடுவது. பூந்தோட்டப் படத்துக்கு முதல் வழி, முகங்களுக்கு இரண்டாவது என்பது என் கட்சி.

சரியாக வந்த நிறமும் அப்படியே நிற்கும் என்று சொல்லமுடியாது. 2000ல் எப்சனின் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்களில் அடித்த அருமையான படங்கள் சில வீடுகளில் சில நாட்களிலேயே ஆரஞ்சாக மாறின. காற்றிலிருந்த ஓசோன் சயான் சாயத்தைத் தின்றுவிட, மஜெந்தாவும் மஞ்சளும் மட்டும் மிஞ்சின. கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டவை தப்பித்தன. அதே வருடம் வந்த 2000பி, சாயத்துக்குப் பதில் நிறமித் துகள் மையைப் பயன்படுத்தியது. வெளிறும் பயம் போனது. ஆனால் குண்டு பல்ப் வெளிச்சத்தில் சரியாக இருந்த கறுப்பு வெள்ளைப் படம் ஜன்னலோரம் போனதும் பச்சையடித்தது. ஆகவே புதுப் படத்தை எடுத்த எடுப்பில் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு நாள் காயவிட்டு, எந்தச் சுவரில் மாட்டப்போகிறீர்களோ அந்தச் சுவர்ப் பக்கமே கொண்டுபோய்ப் பாருங்கள்.