டர்போ பூஸ்ட் அழுத்தமும் பாதுகாப்பும்: ஒரு வரலாறு

டர்போசார்ஜர் என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் செலுத்தும் கருவியாகும். இதன் அடிப்படைக் கருத்துக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905இல் காப்புரிமை பெற்றார். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இக்கருவி தரும் அழுத்தம் பூஸ்ட் எனப்படுகிறது.

தடை எங்கே?

பூஸ்ட் கூடினால் எஞ்சினின் திறன் கூடும், வெப்பமும் கூடும். அளவு மீறினால், தீப்பொறியால் எழுந்த சுடர் வந்து சேரும் முன்பே மீதமுள்ள பெட்ரோல் கலவை தானாக வெடித்து எரியும். இதுவே நாக்கிங். இது தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். எனவே பூஸ்டை உயர்த்திய வரலாறு, நாக்கிங்கை அடக்கிய வரலாறே ஆகும்.

மூன்று வழிகள்

1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போ பொருத்திய முதல் விற்பனைக் கார்களுள் ஒன்று. அதன் அமுக்க விகிதம் 10.25:1. நாக்கிங்கைத் தடுக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் எஞ்சினுக்குள் செலுத்தப்பட்டது. திரவம் தீர்ந்தால் பூஸ்ட் தானாகக் குறையும். உரிமையாளர் பலர் அதை நிரப்ப மறந்தனர். 1963உடன் இக்காரின் உற்பத்தி முடிந்தது.

போர்ஷே வேறு வழியை நாடியது. 1975இன் 911 டர்போவில் அமுக்க விகிதத்தை 6.5:1 ஆகக் குறைத்தது. 1978இல் எஞ்சினை 3.3 லிட்டராகப் பெரிதாக்கி, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைச் சேர்த்தது. திறன் 260இலிருந்து 300 குதிரைத்திறனாக உயர்ந்தது.

மூன்றாவது வழி, நாக்கிங்கை உணர்ந்து செயல்படுவது. 1978இல் பியூக் நிறுவனம், நாக்கிங் தொடங்கியதும் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும் மின்னணு அமைப்பைத் தன் டர்போ கார்களில் பொருத்தியது. 1980களின் தொடக்கத்தில் சுவீடனின் சாப் நிறுவனம் ஏபிசி அமைப்பைக் கொண்டுவந்தது. எஞ்சினில் பொருத்திய உணரி நாக்கிங்கைக் கண்டதும், அமைப்பு பூஸ்டையே குறைத்தது. இதனால் எரிபொருளின் தரத்துக்கு ஏற்பப் பூஸ்ட் மாறியது.

இன்றைய காருக்கு

டர்போவுக்குச் செல்லும் புகையின் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு வேஸ்ட்கேட். அதற்குச் செல்லும் அழுத்தத்தைச் சிறிது கசியவிட்டாலே பூஸ்ட் ஏறிவிடும். மலிவான இந்த வழி ஆபத்தானது: காற்று கூடும்போது பெட்ரோலும் அதற்கேற்பக் கூடாவிட்டால் வெப்பம் ஏறி, நாக்கிங் தொடங்கும்.

ஆகவே உயர் ஆக்டேன் பெட்ரோல், போதிய இன்டர்கூலர், எரிபொருள் வழங்கும் திறன் ஆகியவற்றை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பிறகு கட்டுப்பாட்டுக் கணினியின் அமைப்புகளை மாற்றி, காற்று–எரிபொருள் விகிதத்தையும் நாக்கிங்கையும் அளந்தபடி, பூஸ்டைச் சிறுசிறு படிகளாகவே உயர்த்த வேண்டும். நாக்கிங் தென்பட்டால் முந்தைய படிக்குத் திரும்புவதே பாதுகாப்பு. சாப் அமைப்பு தானாகச் செய்ததும் இதுவே.