கொள்ளைநோயும் கூலியும்



நம் முன்னோர் கப்பலேறி மலாயாவுக்கு வந்த கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அந்தக் கதையில் ஒரு தீவும் வரும். பினாங்கு வந்து சேர்ந்தவர்களில் பலர் நேரே தோட்டத்துக்குப் போய்விடவில்லை. ஜெரஜாக் தீவில் அவர்களை இறக்கி, நோய் நொடி உண்டா என்று பார்த்து, சில நாள் வைத்திருந்த பிறகே அனுப்பினார்கள். சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் இப்படித்தான். வந்தவர்களை ஏன் தீவில் நிறுத்த வேண்டும்? இந்த வழக்கத்தின் வேரைத் தேடிப் போனால், 600 ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு பெருந்துயரத்தில் போய் நிற்கிறோம்.

1347ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கருங்கடல் பக்கமிருந்து வந்த வணிகக் கப்பல்கள் சில, இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள மெஸ்ஸினா துறைமுகத்தை அடைந்தன. சரக்கோடு பிளேக் என்னும் கொள்ளைநோயும் கரை இறங்கியது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும்; காய்ச்சல் கொதிக்கும்; சில நாட்களில் உயிர் போய்விடும். 1348இல் பிளாரன்ஸ், பாரிஸ், இங்கிலாந்து என்று நோய் பரவியது. 1351க்குள் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்டனர் என்றும், பாதிப்பேர் வரை மாண்டிருக்கலாம் என்றும் வரலாற்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். மூன்று பேர் உள்ள வீட்டில் ஒருவர் போய்விட்டார் என்று வைத்துக்கொண்டால், அந்தத் துயரம் நமக்கு ஓரளவு விளங்கும்.

அச்சம் மனிதனை என்ன செய்யும் என்பதை அந்தக் காலத்து இலக்கியமே நமக்குக் காட்டுகிறது. பிளாரன்ஸ் நகரத்தைச் சேர்ந்த பொக்காச்சியோ என்னும் எழுத்தாளர் 'டெக்கமரன்' என்ற கதை நூலை எழுதினார். நோய்க்குப் பயந்து ஏழு பெண்களும் மூன்று ஆண்களும் நகரை விட்டு நாட்டுப்புறத்துக்குப் போகிறார்கள். பத்து நாள், ஆளுக்கு நாளொரு கதையாக, நூறு கதை சொல்லிப் பொழுது போக்குகிறார்கள். நூலின் தொடக்கத்தில் கொள்ளைநோய் கண்ட நகரத்தை அவர் விவரிக்கிறார். அண்ணன் தம்பியைக் கைவிட்டான். மனைவி கணவனைக் கைவிட்டாள். பெற்றவர்களே பிள்ளைகளை அண்டாமல் ஒதுங்கினார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். கிராமத்துக்குப் போய்க் கதை பேச வசதியுள்ளவர்களுக்கு வழி இருந்தது. அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்றிருந்தவர்கள் எங்கே போவார்கள்? அவர்கள் தங்கள் தெருக்களிலேயே மடிந்தார்கள்.

அச்சத்தோடு பழியும் வந்தது. நோய்க்குக் காரணம் தெரியாத மக்கள், 'யூதர்கள் கிணற்றில் நஞ்சு கலந்துவிட்டார்கள்' என்ற பொய்யை நம்பினார்கள். 1349 பிப்ரவரி 14ஆம் நாள் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர்கள் எரிக்கப்பட்டனர். அதற்கு முந்திய ஆண்டே போப்பாண்டவர் ஆறாம் கிளமெண்ட், யூதர்களும் இதே நோயில்தான் சாகிறார்கள் என்பதை எடுத்துக்காட்டி, அந்தப் பழி பொய் என்று அறிவித்திருந்தார். கேட்பாரில்லை. எளியவன் மேல் பழி போடுவது எக்காலத்திலும் சுலபமாக இருந்திருக்கிறது.

இனி, உழைக்கும் மக்களாகிய நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். இங்கிலாந்தில் அன்று பெரும்பாலான நிலம் பிரபுக்களின் கையில் இருந்தது. குடியானவர்களில் பலர் பண்ணையடிமைகள். எஜமானின் அனுமதியின்றி அவர்கள் ஊரை விட்டுப் போக முடியாது. கொள்ளைநோய் வந்து போனபின் நிலம் அப்படியே கிடந்தது. உழுவதற்கும் அறுப்பதற்கும் ஆள் இல்லை. அதுவரை கொடுத்ததை வாங்கிக்கொண்டு போன கூலியாள், 'கூட்டிக் கொடுத்தால் வருகிறேன்' என்று சொல்லத் தொடங்கினான்.

அரசு சும்மா இருக்கவில்லை. 1349இல் மூன்றாம் எட்வர்ட் மன்னர் ஓர் ஆணை போட்டார். 60 வயதுக்குட்பட்ட, வேறு பிழைப்பில்லாத எவரும், அழைத்த எஜமானிடம் நோய்க்கு முந்திய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்றது அந்த ஆணை. 1351இல் அது சட்டமாகவே வந்தது. வைக்கோற்புல் உலர்த்தும் வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு பென்னிக்கு மேல் கூடாது என்பதுவரை அதில் எழுதி வைத்தார்கள். மீறியவர்களுக்குத் தண்டனையும் உண்டு. ஆனாலும் பயிர் முற்றி நிற்கும்போது சட்டம் வந்து அறுத்துக் கொடுக்குமா? எஜமானர்களே இரகசியமாகக் கூடுதல் கூலி கொடுத்து ஆள் பிடித்தார்கள்.

1381இல் தலைவரி என்ற புதிய சுமையும் சேர்ந்தபோது, குடியானவர்கள் பொங்கி எழுந்தார்கள். வாட் டைலர் என்பவர் தலைமையில் இலண்டனுக்கே வந்து, பண்ணையடிமை முறையை ஒழிக்கக் கேட்டார்கள். மன்னருக்கு அப்போது 14 வயது. டைலர் வெட்டிக் கொல்லப்பட்டார், எழுச்சி அடக்கப்பட்டது. ஆனால் பழைய முறை மறுபடி வேர்பிடிக்கவில்லை. அடுத்த நூறாண்டுகளில் இங்கிலாந்தில் பண்ணையடிமை முறை ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஆள் குறைந்தால் மட்டும் விடுதலை தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கிழக்கு ஐரோப்பாவின் பல பகுதிகளில் பின்வந்த நூற்றாண்டுகளில் அதே அடிமைக் கட்டு முன்னைவிட இறுகியது. தங்கள் உழைப்பின் மதிப்பை உணர்ந்து ஒன்றுபட்டுக் கேட்கும் வலிமையும் வேண்டியிருந்தது.

துறைமுகங்களும் ஒரு பாடம் கற்றன. 1377இல் அட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள ரகூசா நகரம், நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோரை 30 நாள் தனியே நிறுத்தி வைத்தது. பின்னாளில் அது 40 நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே 'குவாரண்டின்' என்ற சொல் பிறந்தது. நம் முன்னோரை ஜெரஜாக் தீவில் நிறுத்திய வழக்கத்தின் பிறப்பிடம் இதுதான்.

இந்தக் கதையில் நம் மண்ணின் மைந்தர் ஒருவருக்கும் இடம் உண்டு. 1879இல் பினாங்கில் பிறந்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர் டாக்டர் ஊ லியன் தே. 1910 டிசம்பரில் சீன அரசு அவரை மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பியது. நுரையீரலைத் தாக்கும் பிளேக் அங்கே பரவிக்கொண்டிருந்தது. தோலுக்காகக் காட்டு விலங்குகளைப் பிடித்து விற்கவும், கூலி வேலைக்குமாக வந்த ஏழைகள், குளிருக்கு அடைத்த சிறு விடுதிகளில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். லயத்து வீட்டு நெருக்கத்தை அறிந்த நமக்கு அது புரியாததல்ல. எலிகளை மட்டும் ஒழித்தால் போதாது, இது மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று டாக்டர் ஊ சொன்னார். பருத்தித் துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த முகக்கவரியை எல்லாரும் அணியச் சொன்னார். அதை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெனி, சில நாட்களிலேயே அந்நோயால் இறந்தார். பனியில் புதைக்க முடியாமல் குவிந்து கிடந்த 2,000க்கும் மேற்பட்ட பிணங்களை, அரசரின் அனுமதி பெற்று எரிக்கச் செய்தார். சுமார் 60,000 உயிர்களைப் பலிகொண்ட அந்நோய் சில மாதங்களில் அடங்கிற்று. பிற்காலத்தில் அவர் தாயகம் திரும்பி, ஈப்போவில் நோயாளிகளைப் பார்த்துவந்தார். 1960இல் பினாங்கில் காலமானார்.

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, நாமும் வீட்டுக்குள் இருந்தோம், முகக்கவரி அணிந்தோம். அப்போதும் பொய்ச் செய்திகள் பரவின. அந்நியத் தொழிலாளர்கள் மேல் பழி விழுந்தது. நெருக்கமான விடுதிகளில் இருந்தவர்களையே நோய் அதிகம் பிடித்தது. அப்படி அவர்களைத் தங்கவைத்தது அவர்கள் குற்றமா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

நேயர்களே, ஒரு காலத்தில் நம் பாட்டன்மாரும் இப்படித்தான் கப்பலிலிருந்து இறக்கப்பட்டு, சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டார்கள். அந்த நினைவு நமக்கு இருக்குமானால், அடுத்த முறை நோய் வரும்போது பக்கத்து வீட்டானைப் பழிக்க நம் நாக்கு எழாது. இதை இன்றிரவு பிள்ளைகளோடு சேர்ந்து பேசுங்கள். ஜெரஜாக் தீவை நினைவில் வைத்திருக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், அவரைக் கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் வரலாறுதான்.