பிரசவ விடுப்பு: இங்கேயும் இலங்கையிலும்

இலங்கையில் 1939லேயே பிரசவ உதவிச் சட்டம் வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த நம் தமிழ்ப் பெண்களுக்கும் அது பொருந்தியது. இந்தியா முழுவதற்கும் சட்டம் வந்தது 1961ல். அப்போது 12 வாரம். 2017ல் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் ஆச்சு. அங்கே 84 நாள்.

வைத்தியம் இரண்டு நாட்டிலும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். இங்கே கூடுதலாக, குறிப்பிட்ட சிகிச்சைகளைத் தனியாரிடம் செய்துகொள்ள முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு.

ஆனால் விடுப்பெல்லாம் சம்பளக்காரப் பெண்களுக்குத்தான். களை எடுக்கப் போற நமக்கு யார் லீவு தருவா? நமக்குள்ளது முத்துலட்சுமி ரெட்டி பேரில் வரும் 18,000 ரூபாய் உதவிதான். முதல் பிரசவத்தில் நான் பதியாமல் அதை விட்டுட்டேன். குழுவில் யார் முழுகாமல் இருந்தாலும் உடனே கிராம நர்ஸிடம் கூட்டிட்டுப் போங்க.