ஸ்டார் ட்ரெக் - கடிதம் போட்டுக் காப்பாற்றிய கப்பல்

"பிடிச்ச சீரியல் எது, பிடிச்ச படம் எது, பிடிச்ச கேம் எது?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசும் ஆள் எல்லா வகுப்பிலும் ஒருவராவது உண்டு. சுற்றி இருப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். அது போகட்டும். ரசிகனின் கருத்துக்கு உண்மையிலேயே ஏதாவது மதிப்பு இருக்கிறதா? பணம் போடுகிறவர் ஒருவர், எடுக்கிறவர் ஒருவர், ஒளிபரப்புகிறவர் ஒருவர். இதில் ரசிகன் சொல்வதை யார் கேட்கப் போகிறார்கள்?

அமெரிக்காவில் 1960களில் வந்த ஸ்டார் ட்ரெக் தொடரின் வரலாறு இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில். தொடர், படம், கம்ப்யூட்டர் கேம் மூன்றும் அதில் வருகின்றன. கொஞ்சம் கணக்குப் பாடமும் வருகிறது!

ரேட்டிங் என்ற தராசு

ஜீன் ராடன்பெர்ரி உருவாக்கிய தொடர் இது. எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பல், கேப்டன் கிர்க், கூர்மையான காதுகளோடு மிஸ்டர் ஸ்போக், கூடவே பல நாடுகளையும் இனங்களையும் சேர்ந்த அதிகாரிகள். தயாரித்தது டெசிலு ஸ்டூடியோ. நகைச்சுவை நடிகை லூசில் பாலின் நிறுவனம் அது. முதலில் எடுத்துக் காட்டிய மாதிரி எபிசோடை என்.பி.சி. நிராகரித்துவிட்டது. ஆனால் வழக்கத்துக்கு மாறாக, "இன்னொன்று எடுத்து வாருங்கள்" என்றது. இரண்டாவது தேறியது. 1966 செப்டம்பர் 8 அன்று என்.பி.சி.யில் தொடர் ஆரம்பமானது.

ரேட்டிங் சுமார்தான். இங்கே டி.ஆர்.பி. என்கிறோமே, அது போல அங்கே நீல்சன் நிறுவனத்தின் கணக்கு. ஏறத்தாழ 1,200 வீடுகளின் டிவியில் கருவி பொருத்தி, அதை வைத்து முழு நாட்டுக்கும் கணக்குப் போடுவார்கள். புள்ளியியல் படித்தவர்களுக்குத் தெரியும், மாதிரியைச் சரியாக எடுத்தால் 1,200 வீடுகளே போதும். ஆக, கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கருவிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். டிவி எந்தச் சேனலில் இருக்கிறது என்பது மட்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் தூங்குகிறாரா, இல்லை அடுத்த வாரம் வரை இதையே நினைத்துக்கொண்டிருக்கப் போகிறாரா என்பது அதற்குத் தெரியாது. இந்தக் கதை முழுவதும் இந்த ஒரு ஓட்டையில்தான் நடக்கிறது.

ஓர் உதாரணம். உஹூரா என்ற அதிகாரியாக நடித்த கறுப்பின நடிகை நிஷெல் நிக்கோல்ஸ், முதல் சீசன் முடிந்ததும் விலக நினைத்தார். அப்போது ஒரு நிகழ்ச்சியில் அவருடைய ரசிகர் ஒருவர் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தால் மார்ட்டின் லூதர் கிங்! தன் குடும்பமே அந்தத் தொடரைப் பார்ப்பதாகவும், அவர் விலகவே கூடாது என்றும் கிங் சொன்னாராம். நிக்கோல்ஸ் பல பேட்டிகளில் சொன்ன சம்பவம் இது. அவர் விலகவில்லை. நீல்சன் கணக்கில் கிங் வீட்டு டிவி இருந்திருந்தாலும் ஒரு வீடு, ஒரு ஓட்டு, அவ்வளவுதான்.

கடித மழை

1967 கடைசியில், இரண்டாவது சீசனோடு தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு பரவியது. பீஜோ ட்ரிம்பிள், அவருடைய கணவர் ஜான் ட்ரிம்பிள் இருவரும் களத்தில் இறங்கினார்கள். அப்போது இணையம் கிடையாது, ஈமெயில் கிடையாது. விஞ்ஞானக் கதை ரசிகர்களின் முகவரிகளைத் திரட்டி, "என்.பி.சி.க்குக் கடிதம் போடுங்கள், பத்துப் பேரைப் போடச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். ராடன்பெர்ரியின் ஆதரவு பின்னால் இருந்தது. 1968 ஜனவரியில் கால்டெக் மாணவர்கள் 200 பேருக்கு மேல் பதாகைகளோடு பர்பேங்கில் உள்ள என்.பி.சி. ஸ்டூடியோவுக்கு ஊர்வலமே போனார்கள்.

வந்து குவிந்த கடிதங்கள், என்.பி.சி. சொன்ன கணக்குப்படியே ஒரு லட்சத்துக்கு மேல். 1968 மார்ச் 1 அன்று எபிசோட் முடிந்ததும், தொடர் நிறுத்தப்படாது என்று திரையிலேயே அறிவித்தார்கள். அதற்கு நன்றி சொல்லி மறுபடியும் கடிதங்கள் குவிந்தன :)

சுபம் போட்டுவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அடுத்து நடந்தது வேறு. மூன்றாவது சீசனை வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள். தொடரின் ரசிகர்களில் பலர் கல்லூரி மாணவர்கள், இளைஞர்கள். வெள்ளி ராத்திரி வீட்டில் டிவி முன்னால் அவர்கள் ஏன் இருக்கப் போகிறார்கள்? கோபத்தில் ராடன்பெர்ரி அன்றாடத் தயாரிப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். பட்ஜெட்டையும் குறைத்தார்கள். 1969 ஜூன் 3 அன்று கடைசி எபிசோட் வந்தது. அடுத்த ஏழு வாரத்துக்குள் மனிதன் நிஜமாகவே நிலவில் கால் வைத்தான். விண்வெளித் தொடரை நிறுத்த என்ன ஒரு நேரம்!

தோல்வியில் கிடைத்த 24

மூன்றாவது சீசன் சுமார் என்றுதான் ரசிகர்களே சொல்வார்கள். அப்படியானால் அத்தனை கடிதமும் வீணா?

இங்கேதான் கணக்குப் பாடம். அமெரிக்காவில் ஒரு தொடர் முடிந்த பிறகு அதை உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்கு விற்பார்கள். வாரம் ஐந்து நாள் போடுவார்கள் என்பதால் நிறைய எபிசோடுகள் வேண்டும். ஸ்டார் ட்ரெக்கின் முதல் சீசனில் 29, இரண்டாவதில் 26, ஆக 55. தினம் ஒன்று போட்டால் 11 வாரத்தில் தீர்ந்துவிடும். மூன்றாவது சீசனின் 24ஐயும் சேர்த்தால் 79, ஏறத்தாழ 16 வாரம். சரக்கு குறைவாக இருந்தால் வாங்குகிற நிலையங்களும் குறைவு. கடிதம் போட்டவர்கள் கேட்டது ஒரு நல்ல சீசன். கிடைத்தது சுமாரான சீசன். ஆனால் அந்தச் சுமாரான 24தான் தொடரை விற்கக்கூடிய சொத்தாக மாற்ற உதவியது.

மாலை நேரத்தில் பள்ளி, கல்லூரி விட்டு வந்த பிள்ளைகள் பார்த்தார்கள். மறுபடி மறுபடி பார்த்தார்கள். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு ஓட்டலில் ரசிகர் மாநாடு கூட்டினார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று நினைத்தார்கள். வந்தது 3,000 பேருக்கு மேல். செத்துப்போன தொடருக்கு!

எழுத்தால் ஆன விண்வெளி

ரசிகர்கள் கடிதம் மட்டும் எழுதவில்லை, ப்ரோக்ராமும் எழுதினார்கள். 1971ல் கலிபோர்னியாவில் மைக் மேஃபீல்ட் என்ற பள்ளி மாணவர் பேசிக் மொழியில் ஒரு ஸ்டார் ட்ரெக் கேம் எழுதினார். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை, யாரும் காசும் கொடுக்கவில்லை. அண்டவெளியை 8க்கு 8 கட்டமாகப் பிரித்து, எழுத்துகளையும் குறிகளையும் வைத்தே கப்பல், எதிரி, நட்சத்திரம் எல்லாவற்றையும் காட்டினார். எரிபொருள் தீருமுன், நாள் முடியுமுன் எதிரிக் கப்பல்களை அழிக்க வேண்டும். டேவிட் ஆல் 1973ல் கொண்டுவந்த பேசிக் கேம் தொகுப்பில் இதன் ஒரு வடிவம் அச்சானது. அதைப் பார்த்து வரி வரியாக டைப் செய்து விளையாடினார்கள், மாற்றினார்கள், சேர்த்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் பலர் ப்ரோக்ராம் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

1976ல் நாசா தன் முதல் விண்வெளி ஓடத்துக்கு கான்ஸ்டிடியூஷன் என்று பெயர் வைப்பதாக இருந்தது. மறுபடி கடித மழை. ஜனாதிபதி ஃபோர்டு வரை விஷயம் போனது. ஓடத்தின் பெயர் எண்டர்பிரைஸ் ஆனது. வேடிக்கை என்னவென்றால் அது சோதனைப் பறப்புகளுக்கு மட்டும் பயன்பட்டது. விண்வெளிக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை.

ரசிகன் சொன்னது எல்லாம் சரியா?

1977ல் ஸ்டார் வார்ஸ் வசூலைக் குவித்ததும் பாராமவுண்ட் விழித்துக்கொண்டது. 1979ல் ஸ்டார் ட்ரெக் முதல் படம் வந்தது. செலவு ஏறத்தாழ 4.4 கோடி டாலர். வசூல் நன்றாகவே வந்தது, ஆனால் படம் நகரவே இல்லை என்று ரசிகர்களே புலம்பினார்கள். அடுத்த படத்துக்கு வந்த தயாரிப்பாளர் ஹார்வ் பென்னட் ஒரு காரியம் செய்தார். ரசிகனைப் போல உட்கார்ந்து 79 எபிசோடையும் பார்த்தார்! 1967ல் வந்த ஓர் எபிசோடின் வில்லன் கானைத் திரும்பக் கொண்டுவந்தார். படத்தின் செலவு 1.2 கோடி டாலர் அளவுதான்.

அந்தப் படத்தில் ஸ்போக் இறந்துவிடுவார் என்ற செய்தி முன்கூட்டியே கசிந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், மறுபடியும் எதிர்ப்புக் கடிதங்கள். இந்தத் தடவை கேட்கவில்லை. 1982ல் வந்த படத்தில் ஸ்போக் இறந்தார். இன்றுவரை ஸ்டார் ட்ரெக் படங்களிலேயே சிறந்தது எது என்று கேட்டால் பெரும்பாலான ரசிகர்கள் காட்டுவது அதைத்தான்.

ஆகவே, கதை எப்படிப் போக வேண்டும் என்று ரசிகன் சொல்வது எப்போதும் சரியாக இருக்காது. அது எழுதுகிறவர் வேலை. எந்த நேரத்தில் ஒளிபரப்புவது என்பதும் அவன் கையில் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை ரசிகன்தான் சொல்ல முடியும். "இது எனக்கு வேண்டும், நாளைக்கும் வேண்டும்" என்பது. 1968ல் ஒரு லட்சம் கடிதங்கள் சொன்னது இதைத்தான். என்.பி.சி. அதைத் தொல்லை என்று நினைத்தது. வரப்போகும் ஐம்பது வருட வருமானத்துக்கான முன்னறிவிப்பு அதில் இருந்ததை அப்போது யாரும் படிக்கவில்லை.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது இன்றைய வியாபாரம். எவ்வளவு பிடித்திருந்தது என்பது நாளைய வியாபாரம். இரண்டாவதற்கு நீல்சனிடம் கருவி இல்லை. தபால் பெட்டியில் இருந்தது.